சீலிங்கை மூடும் முன் ஒருவர் மேலே ஏறிப் பார்க்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

காரைக்குடியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் கடை, ஓட்டல், மருத்துவமனை, திருமண மண்டபம் ஆகியவற்றுக்கு ஒயரிங் வேலை எடுத்துச் செய்பவன் நான். மின்கம்பியாளர் தகுதிச் சான்றும் ஒப்பந்த உரிமமும் பெற்றவன். ஆவணி பிறந்துவிட்டால் எங்களுக்குத் தூங்க நேரம் இருக்காது. தீபாவளிக்கு முன் கடை திறந்தாக வேண்டும் என்று செக்காலை ரோட்டிலும் நூறடி ரோட்டிலும் பல கடைகளில் ஒரே நேரத்தில் ஜிப்சம் போர்டு ஏறிக்கொண்டிருக்கும். முகூர்த்த நாளைக் குறித்து, பத்திரிகையும் அடித்துவிட்டு, அதற்கு முதல் வாரம்தான் எலக்ட்ரீஷியனைத் தேடுவார்கள். அந்த அவசரத்தில் மூடிய ஃபால்ஸ் சீலிங்கைப் பிறகு யாரும் திறப்பதில்லை. கருகிய வாடை வந்த அன்றுதான் திறக்கிறார்கள்.

நான் கேட்பது இதுதான். வணிகக் கட்டடம் எதுவானாலும், சீலிங்கை மூடும் முன் அதற்கு மேலே ஓடும் ஒயரிங்கை உரிமம் பெற்ற ஒருவர் சோதிக்க வேண்டும். சோதனை அளவுகளை எழுதி, எந்த லைன் எங்கே போகிறது என்ற படத்தோடு கையெழுத்துப் போட்டுக் கடைக்காரர் கையில் கொடுக்க வேண்டும். அந்தத் தாள் இல்லாமல் மாநகராட்சி தொழில் உரிமம் கொடுக்கக் கூடாது.

ஏற்கெனவே சோதனை அறிக்கை என்று ஒன்று இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். இருக்கிறது. மின் இணைப்பு வாங்கும்போது உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் ஒயரிங்கைச் சோதித்துக் கையெழுத்திட்டு மின்வாரியத்தில் கொடுக்கிறோம். அன்றைக்குக் கட்டடம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நான்கு சுவர், ஒரு ஷட்டர், ஓரிரு சுவிட்ச் போர்டு, கான்கிரீட் தளத்தில் நான்கைந்து லைட் பாயிண்ட். சோதனை அந்த நான்கைந்து பாயிண்டுக்குத்தான். மீட்டர் மாட்டியபின் கடையை வாடகைக்கு எடுப்பவர் வருகிறார். அவரோடு இன்டீரியர் வேலைக்காரர்கள் வருகிறார்கள். சீலிங் முழுக்க இரண்டுக்கு இரண்டு பேனல் லைட், டவுன்லைட், ட்ராக் லைட், ஓரம் முழுக்க ஸ்ட்ரிப் லைட், நான்கு ஏ.சி., கேமரா, ஸ்பீக்கர் எல்லாம் ஏறுகின்றன. கட்டடத்தின் உண்மையான ஒயரிங் இதுதான். இதற்கு அறிக்கை கேட்டு நான் வேலை பார்த்த எந்தக் கடைக்கும் யாரும் வந்ததில்லை. கட்டட உரிமையாளர் அது வாடகைக்காரர் பாடு என்கிறார். வாடகைக்காரர் அது டிசைனர் பாடு என்கிறார். டிசைனர் கூட்டிவந்த ஆட்கள் வேலை முடிந்து வேறு ஊருக்குப் போய்விடுகிறார்கள்.

போன கோடையில் நம் ஊர் ஜவுளிக்கடை ஒன்றில் லைட் மினுக்குகிறது என்று கூப்பிட்டார்கள். கடையின் பெயர் வேண்டாம். நல்ல மனிதர்கள், யாரையோ நம்பி வேலையைக் கொடுத்தவர்கள். ஜிப்சம் சீலிங், ஆள் கை நுழையக்கூட ஒரு திறப்பு இல்லை. போர்டை அறுத்துத்தான் பார்த்தேன். பைப் எதுவும் இல்லாமல் ஒயரை வெறுமனே ஜிப்சத்தின் முதுகில் போட்டிருந்தார்கள். ஜாயிண்ட் எல்லாம் முறுக்கி டேப் சுற்றியவை. மாடிக் கடை என்பதால் மேலே வெயில் காய்ந்த தளம், கீழே மூடிய சீலிங், நடுவில் ஒரு அடி இடைவெளி. சித்திரை மாதத்தில் அந்த இடைவெளிக்குள் கையை நீட்டினால் வைத்திருக்க முடியாது. டேப்பின் பசை உருகி, டேப் கழன்று தொங்கியது. செம்புக் கம்பி வெளியே தெரிந்தது. அதை ஒட்டி ஜிப்சத்தைத் தாங்கும் இரும்புச் சட்டம். அந்தச் சட்டத்துக்கு எர்த் கிடையாது. சட்டத்தில் மின்சாரம் ஏறியிருந்தால் அடுத்து ஏ.சி. சர்வீசுக்கு மேலே கை விடும் பையன்தான் முதலில் தொட்டிருப்பான்.

அதைவிட என்னைக் கலங்க வைத்தது டி.பி. பெட்டி, அதாவது எல்லா லைனும் பிரிந்து போகும் பெட்டி. லைட்டுக்கு ஓடியது 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர். அதற்கு மாட்டியிருந்தது 32 ஆம்பியர் எம்.சி.பி. அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் தானே விழுந்து லைனைத் துண்டிக்க வேண்டிய சுவிட்ச் அது. ஏன் என்று கேட்டேன். முதலில் 6 ஆம்பியர் போட்டார்களாம், சுவிட்சைப் போட்டவுடன் விழுந்ததாம், 10 போட்டும் விழுந்ததாம், கடைசியில் 32 போட்டதும் விழுவது நின்றுவிட்டதாம்.

இது எங்கள் தொழிலில் இன்று பரவலாக நடக்கும் தவறு, ஆகையால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 36 வாட் பேனல் லைட் 20 இருந்தால் மொத்தம் 720 வாட். 230 வோல்ட்டில் மூன்று ஆம்பியர் சொச்சம்தான் ஓடும். 6 ஆம்பியர் எம்.சி.பி. தாராளமாகத் தாங்க வேண்டும். ஆனால் எல்.இ.டி. லைட்டுக்குள் டிரைவர் என்று ஒரு சிறு பெட்டி இருக்கிறது. அதற்குள் இருக்கும் கெப்பாசிட்டர் சுவிட்ச் போட்ட நொடியில், ஒரு நொடியின் மிகச் சிறு பங்கு நேரத்துக்கு, ஓடும் மின்னோட்டத்தைப் போலப் பல மடங்கை இழுக்கும். இருபது டிரைவரும் ஒரே கணத்தில் இழுத்தால் எம்.சி.பி. அதை ஷார்ட் என்று நினைத்து விழுகிறது. இதற்கு வழி லைட்டுகளை இரண்டு மூன்று சர்க்யூட்டாகப் பிரிப்பது. அல்லது அதே ஆம்பியரில், தொடக்க இழுப்பைத் தாங்கும் சி கர்வ் எம்.சி.பி. போடுவது. பி கர்வ் என்பது தன் மேல் போட்டிருக்கும் ஆம்பியரைப் போல மூன்று முதல் ஐந்து மடங்கு ஓடினால் உடனே விழும், சி கர்வ் ஐந்து முதல் பத்து மடங்கில் விழும். ஆம்பியரை ஏற்றுவது வழியே இல்லை. எம்.சி.பி. காப்பாற்ற வேண்டியது ஒயரை. 1.5 ஒயரில் 32 ஆம்பியரை மாட்டினால், ஒயர் சூடாகி மேலுறை இளகினாலும் எம்.சி.பி. விழாமல் பார்த்துக்கொண்டிருக்கும். சாதாரண பி.வி.சி. மேலுறை தாங்கும் சூடு 70 டிகிரி. நம் ஊர் வெயிலில் சீலிங்குக்கு மேலே அதில் பெரும்பகுதி ஏற்கெனவே செலவாகிவிடுகிறது. பத்து ஒயரைக் கட்டாகக் கட்டிப் போட்டால் இன்னும் மோசம். ஒரு லைட் சர்க்யூட்டுக்குப் பத்து பாயிண்ட், 800 வாட் என்று நமக்குக் கற்றுக் கொடுத்த கணக்கை, எல்.இ.டி. குறைந்த வாட்தானே என்று இன்றைக்கு எல்லோரும் தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

டிரைவருக்கும் சூடு ஆகாது. அதற்குள் உள்ள கெப்பாசிட்டரின் சூடு பத்து டிகிரி ஏறினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். லைட் கம்பெனியைத் திட்டும் பல கடைக்காரர்களிடம் நான் சொல்வது, மேலே காற்றோட்டம் விடுங்கள், டிரைவர் மேல் பஞ்சையோ தெர்மோகோலையோ மூடாதீர்கள் என்பதுதான்.

அடுத்தது நியூட்ரல், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் ஒயர். பெரிய கடைகளுக்கு மூன்று பேஸ் இணைப்பு வருகிறது. மூன்று பேஸுக்கும் பொதுவாக ஒரு நியூட்ரல். அந்த நியூட்ரல் ஒரு இடத்தில் லூசானால் போதும், ஒரு பேஸில் வோல்டேஜ் இறங்கி இன்னொன்றில் 300-க்கும் மேலே ஏறும். கடையில் உள்ள பாதி லைட்டும் பில் போடும் கம்ப்யூட்டரும் ஒரு நொடியில் போய்விடும். எல்.இ.டி. டிரைவர்களால் இன்னொரு சிக்கலும் வந்திருக்கிறது. பழைய குண்டு பல்பில் மூன்று பேஸும் சமமாக இருந்தால் நியூட்ரலில் ஏறக்குறைய ஒன்றும் ஓடாது. தரமில்லாத டிரைவர்களில் மின்னோட்டம் சீரான அலையாக வராததால் அந்தக் கழிவெல்லாம் நியூட்ரலில் வந்து கூடுகிறது. நியூட்ரலுக்குச் சின்ன ஒயர் போதும் என்ற பழைய வழக்கத்தை விட்டுவிட வேண்டும். பேஸுக்குப் போடும் அளவே நியூட்ரலுக்கும் போட வேண்டும்.

ஒரு சர்க்யூட்டின் நியூட்ரலை அவசரத்துக்கு இன்னொரு சர்க்யூட்டில் சேர்ப்பதும் சீலிங்குக்குள் அடிக்கடி நடக்கிறது. அப்படிக் கலந்துவிட்டால் ஆர்.சி.சி.பி. நிற்காமல் விழும். நம் உடம்பு வழியாக மின்சாரம் பாய்ந்தால் 30 மில்லி ஆம்பியரிலேயே லைனைத் துண்டித்து உயிரைக் காப்பாற்றும் கருவி அது. கலந்த இடத்தைத் தேட வேண்டுமென்றால் சீலிங்கைப் பிரிக்க வேண்டும். நாளை கடை திறப்பு. அதனால் ஆர்.சி.சி.பி.யையே கழற்றிவிட்டு நேரடியாக லைன் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். கடைக்காரருக்கு இது தெரியவே தெரியாது. லைட் எரிகிறது, அவருக்கு அது போதும். இந்தத் தகவலை வாசிக்கும் கடைக்காரர்கள் யாராயினும் இன்றே தங்கள் டி.பி. பெட்டியைத் திறந்து, அதில் ‘T’ என்ற ஆங்கில எழுத்து போட்ட சிறு பொத்தான் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அழுத்துங்கள். லைன் துண்டிக்கப்பட வேண்டும். துண்டிக்கவில்லை என்றாலோ, அப்படி ஒரு பொத்தானே இல்லை என்றாலோ, தள்ளிப்போடாமல் உரிமம் உள்ள ஒருவரைக் கூப்பிடுங்கள்.

எர்த் பற்றி நம் வட்டாரத்துக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். இங்கே பல இடங்களில் செம்மண்ணும் சரளையும் செம்புறாங்கல்லும்தான். மழை இல்லாத மாதங்களில் ஈரம் கீழே இறங்கிவிடும். இரண்டரை மீட்டர் ஜி.ஐ. பைப்பை நட்டு, கரியும் உப்பும் போட்டு மூடினால் முடிந்தது என்று இருக்க முடியாது. ஐப்பசியில் அளந்தால் நல்ல அளவு காட்டும் அதே குழி பங்குனியில் கெட்டுப்போய் நிற்கும். தண்ணீர் ஊற்ற வழி வைத்து, கோடையிலும் ஒருமுறை அளக்க வேண்டும். குழிமேல் டைல்ஸ் பதித்து மூடிய கடைகளை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

புகையைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2024 டிசம்பர் 12 அன்று இரவு திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் தீப்பிடித்தது. ஆறு பேர் இறந்தார்கள், அதில் ஒரு சிறு குழந்தையும் உண்டு. லிஃப்டில் சிக்கி மூச்சுத் திணறினார்கள் என்று வாசித்தபோது எனக்கு அன்றைக்கு வேலைக்குப் போகவே மனம் வரவில்லை. அந்தத் தீயின் காரணத்தைப் பற்றி நான் எதுவும் சொல்ல வரவில்லை. தீப்பிடித்த கட்டடத்தில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் புகைதான் என்பதை மட்டும் சொல்கிறேன். பி.வி.சி. ஒயர் எரிந்தால் கரும்புகையோடு, மூச்சுக்குழாயை அரிக்கும் அமில வாயுவும் வரும். தீ பரவாத, புகை குறைந்த எஃப்.ஆர்.எல்.எஸ். ஒயரும், அமில வாயு வராத ஹாலோஜன் இல்லாத ஒயரும் இன்று நம் ஊர்க் கடைகளிலேயே கிடைக்கின்றன. மக்கள் கூடும் இடம், நோயாளி படுத்திருக்கும் இடம், நூறு பேர் பந்தியில் உட்கார்ந்திருக்கும் மண்டபம் ஆகியவற்றில் விலையைப் பார்த்துச் சாதாரண ஒயரைப் போடச் சொல்லும் உரிமையாளரிடம் நான் கும்பிட்டுவிட்டு விலகிக்கொள்கிறேன். வெளியேறும் வழியில் மின்சாரம் போனாலும் எரியும் பேட்டரி லைட் வேண்டும். ஜவுளிக்கடைகளில் ஜன்னலையெல்லாம் பிளைவுட் அடித்து ரேக் ஆக்கிவிடுகிறார்கள். பகலிலும் கரண்ட் போனால் உள்ளே இருட்டுத்தான். மாடியில் தீபாவளிக் கூட்டம் நிற்கும்போது அந்த இருட்டு என்ன செய்யும் என்று உரிமையாளர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி நம் பழைய வீடுகளுக்கு வருகிறேன். என் மனதுக்கு நெருக்கமான விஷயம் இது. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கொத்தமங்கலம், காரைக்குடி என்று நகரத்தார் வீடுகள் பல இன்று ஓட்டல்களாகவும் உணவகங்களாகவும் பழம்பொருள் கடைகளாகவும் விழாக் கூடங்களாகவும் மாறிவருகின்றன. இடித்து நிலைக்கதவையும் தூணையும் விற்பதைவிட இது ஆயிரம் மடங்கு நல்லது. 2014-ல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன. வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து தங்குகிறார்கள். ஆனால் ஒரு குடும்பம் பண்டிகைக்கு வந்து நாலு பல்பு போட்டுக்கொண்ட வீடும், அறைக்கு ஒரு ஏ.சி.யும் கீசரும் ஓடும் ஓட்டலும் மின்சாரக் கணக்கில் ஒன்றல்ல.

என் தகப்பனார் இந்த வீடுகளில் பேட்டன் ஒயரிங் செய்தவர். சுவரில் தேக்குப் பட்டி அடித்து, அதன்மேல் ஒயரை நூல் பிடித்தாற்போல் படியவைத்துக் கிளிப்பால் கவ்வி, வளைவுகளில் பட்டியைச் சாய்வாக அறுத்துச் சேர்ப்பார். ரவுண்ட் பிளாக், பித்தளைச் சுவிட்ச், பீங்கான் ஃபியூஸ். அந்த வேலையின் பெரிய குணம், எல்லாம் கண்ணுக்குத் தெரியும் என்பது. எங்கே கறுத்திருக்கிறது, எங்கே பல்லி செத்துக் கிடக்கிறது என்று வீட்டில் பெருக்குகிறவர்களே சொல்லிவிடுவார்கள். ஆனால் அதைவிடப் பழைய ரப்பர் உறை ஒயர்கள் சில வீடுகளில் மரக் கேசிங்குக்குள் இன்னமும் இருக்கின்றன. அந்த ரப்பர் தொட்டால் உதிரும். அதே லைனில் ஏ.சி.யைக் கொடுத்த இடத்தையும் நான் பார்த்தேன். பர்மா தேக்கு உத்திரத்தை ஒட்டி ஓடிய லைன் அது.

சில வீடுகளில் முகப்பிலும் மேல்மாடி அறைகளிலும் அச்சுப் பதித்த தகரச் சீலிங் உண்டு. பூ வேலைப்பாடு போட்டு, வண்ணம் பூசியது. அழகுக்கு ஈடு இல்லை. அதில் ஓட்டை போட்டு டவுன்லைட் பொருத்துகிறார்கள். தகரத்தின் அறுத்த விளிம்பு கத்தி. ஒயர் அதில் உரசி ஒரு இடத்தில் மேலுறை வெட்டுப்பட்டால் சீலிங் முழுவதும் கரண்ட். அதிலிருந்து சங்கிலியில் தொங்கும் சரவிளக்கு, சங்கிலியைத் துடைக்க ஏணியில் ஏறும் ஆள் என்று எல்லோரும் அந்த மின்சாரத்தின் வழியில்தான் இருக்கிறார்கள். தகரச் சீலிங்கில் ஓட்டையே போடக்கூடாது என்பது என் கருத்து. போட்டே ஆக வேண்டுமானால் விளிம்புக்கு ரப்பர் வளையம் வேண்டும், லைன் இரும்புப் பைப்புக்குள் வர வேண்டும், தகரத்தை எர்த்தோடு சேர்க்க வேண்டும். ஒன்றையும் விடக் கூடாது.

சுவரைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்து அரைத்துப் பளிங்கு போல் தேய்த்த பூச்சு அது. கட்டர் மிஷினை வைத்துக் காடி வெட்டிப் பைப் புதைத்தால், பிறகு சிமெண்டால் அடைத்த தழும்பு காலத்துக்கும் தெரியும். ஒரு வீட்டை ஓட்டலாக்கும் வேலைக்குப் போனபோது அந்த வீட்டு ஆச்சி வளவில், அதாவது நடு முற்றத்தில், உட்கார்ந்தபடியே சொன்னார்: “தம்பி, சுவத்துல மட்டும் கை வைக்காதீங்க. எங்க ஐயா காலத்துப் பூச்சு. உடைச்சா திரும்ப வராது.” “வைக்க மாட்டேன் ஆச்சி, உத்திரத்துக்கு மேல் பக்கமா கொண்டு போயிடறேன்” என்றேன். அப்படியே செய்தோம். வளவைச் சுற்றி ஓடும் மர உத்திரத்தின் மேல்விளிம்பில், கீழே நிற்பவர் கண்ணில் படாதபடி மெல்லிய இரும்புப் பைப்பை ஓட்டினோம். இறங்க வேண்டிய இடத்தில் கதவு நிலையின் ஓரமாக, தேக்கு நிறத்தில் மரக் கேசிங். ஆணி அடிக்காமல் பழைய கொக்கிகளையே பயன்படுத்தினோம். கூலி கூடத்தான் ஆனது. ஆனால் அந்த லைன் முழுவதையும் ஏணி போட்டால் இன்றைக்கும் அடியிலிருந்து நுனிவரை பார்க்கலாம். செம்புக் குழாய்க்குள் தாதுப்பொடி அடைத்த கேபிள் ஒன்று உண்டு, மினரல் இன்சுலேட்டட் என்பார்கள். விலை அதிகம், ஆனால் எரியாது, மெல்லியது, மரத்தோடு மரமாக ஒட்டிப் போகும். பெரிய முதலீட்டில் மரபு ஓட்டல் தொடங்குகிறவர்கள் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

வெளிச்சத்தின் நிறம் பற்றிச் சிறியதாக ஒன்று. 6500 கெல்வின் வெள்ளை லைட்டைப் பழைய வீட்டில் போட்டால் தேக்கு வெளிறிப் பிணம் போல் தெரியும். 2700 அல்லது 3000 கெல்வின் போதும். வழுவழுப்பான செட்டிநாட்டுச் சுவரில் ஸ்பாட் லைட் அடித்தால் பல்பின் உருவமே சுவரில் பிரதிபலித்துக் கண்ணைக் கூசும். வெளிச்சத்தை உத்திரத்தின் மேலிருந்து கூரைக்கு அடித்து, அங்கிருந்து இறங்கவிடுவதுதான் சரி. ஜவுளிக்கடைக்காரர்கள் வாட் எவ்வளவு என்று மட்டும் கேட்கிறார்கள். நிறத்தைச் சரியாகக் காட்டும் அளவு 90-க்கு மேல் உள்ள லைட்டைக் கேட்டு வாங்குங்கள். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் கண்டாங்கிச் சேலையின் அரக்குச் சிவப்பு, மலிவான பேனல் லைட்டின் கீழே பழுப்பாகத் தெரிகிறது. நெய்தவர் என்ன பாவம் செய்தார்?

மரபுக் கட்டடத்துக்குள் வணிகம் நடந்தால் தீ எதைக் கொண்டுபோகும் என்பதற்கு நாம் தூரம் போக வேண்டியதில்லை. 2018 பிப்ரவரி 2 அன்று இரவு மதுரை மீனாட்சி அம்மன் கோயிலில் கடைகள் இருந்த வீரவசந்தராயர் மண்டபம் எரிந்தது. கல்லால் ஆன மண்டபமே கூரையும் தூணுமாக இடிந்து விழுந்தது. நம்முடைய வீடுகளிலோ உத்திரமும் நிலையும் கதவும் மரம்.

எங்கள் பையன்களுக்காகவும் பேச வேண்டும். வியாபாரம் நிற்கக் கூடாது என்று மெயினை ஆஃப் செய்ய விடாமல், லைனில் கரண்ட் இருக்கும்போதே ஏணியில் ஏற்றுகிறார்கள். பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள். அண்ணே, சொல்லுங்கண்ணே, ஆஃப் பண்ணச் சொல்லுங்கண்ணே என்று என்னிடம் வந்து நிற்பார்கள். அரை மணி நேரம் ஆஃப் செய்தால் ஒரு கடையும் மூழ்கிவிடாது. ஆஃப் செய்த எம்.சி.பி.க்குப் பூட்டுப் போட்டு, சாவியை மேலே ஏறுபவன் சட்டைப் பையில் வைக்க வேண்டும். யாரோ ஒருவர் இருட்டாக இருக்கிறதே என்று சுவிட்சைத் தூக்கிவிட்டதால் போன உயிர்கள் எங்கள் தொழிலில் உண்டு. நான் எடுக்கும் வேலையில் இதற்கு உடன்படாத இடத்துக்கு ஆளை அனுப்புவதில்லை. கடைக்காரர்கள் தாங்களாகவே இதைக் கேட்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

சோதனையை ஏன் மூடும் முன்பே செய்ய வேண்டும் என்பதற்குத் தொழில் காரணமும் இருக்கிறது. மெக்கரை வைத்து 500 வோல்ட்டில் ஒயரின் மேலுறையைச் சோதிப்போம், குறைந்தது ஒரு மெகாஓம் காட்ட வேண்டும். புது ஒயர் அதைவிடப் பல மடங்கு காட்டும். லைட்டுகளை மாட்டியபின் இந்தச் சோதனையைச் செய்தால் டிரைவர்கள் பழுதாகலாம், அளவும் சரியாகக் காட்டாது. ஆகவே லைன் இழுத்து முடிந்து, லைட் மாட்டாமல், சீலிங் மூடாமல் இருக்கும் அந்த ஓரிரு நாள்தான் சரியான நேரம். அந்த நேரத்திலேயே ஒவ்வொரு ஜாயிண்டும் மூடியுள்ள பெட்டிக்குள் கனெக்டரோடு இருக்கிறதா, எர்த் கடைசி பாயிண்ட் வரை போகிறதா, பேஸும் நியூட்ரலும் மாறியிருக்கிறதா என்று பார்த்துவிடலாம். கூடவே அளவு டேப்பை வைத்துக் கைபேசியில் படம் எடுத்து வைத்தால் பத்து ஆண்டு கழித்து வருபவனுக்கும் எந்த இடத்தில் அறுக்க வேண்டும் என்று தெரியும். ஒரு நடுத்தரக் கடைக்கு அரை நாள் வேலை. சீலிங்குக்குக் கொடுக்கும் பணத்தில் இதற்கான கூலி கண்ணுக்கே தெரியாது. ஜிப்சம் சீலிங் என்றால் ஜாயிண்ட் பெட்டியும் டிரைவரும் உள்ள இடங்களில் ஆள் தலை நுழையும் அளவுக்குத் திறப்பு விட வேண்டும். டிசைன் கெட்டுவிடும் என்பார்கள். கெடாத அளவுக்குச் செய்யத் தெரிந்த கார்பெண்டர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள்.

காரைக்குடி 2024-ல் மாநகராட்சி ஆகியிருக்கிறது. புதிய மாநகராட்சி தொழில் உரிமம் வழங்கும்போதும் புதுப்பிக்கும்போதும் ஃபால்ஸ் சீலிங் உள்ள கடைகளிடம் இந்தச் சோதனைத் தாளைக் கேட்க முடிவெடுக்கலாம். பெரிய செலவு ஒன்றும் இல்லை. வர்த்தக சங்கத்தார் முன்வந்து, தங்கள் உறுப்பினர்களுக்கு இதை ஒரு நிபந்தனையாக வைத்தால் இன்னும் சீக்கிரம் நடக்கும். மின் ஆய்வுத்துறையினர் தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதங்களில் புதிதாக வேலை நடக்கும் கடைகளுக்கு ஒரு நடை வந்து பார்த்தாலே பலர் ஒழுங்காகச் செய்யத் தொடங்கிவிடுவார்கள். பணம் வாங்கிக்கொண்டு பார்க்காமலே கையெழுத்துப் போடுகிறவர்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள். அவர்கள் உரிமத்தை ரத்து செய்தால் நான் வருத்தப்பட மாட்டேன்.

இந்த ஊரின் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பாலிடெக்னிக்கிலும் படிக்கும் பிள்ளைகளுக்கு மெக்கர் பிடிக்கவும் அளவை எழுதவும் கற்றுக்கொடுக்க நானும் என்னோடு தொழில் செய்யும் சிலரும் ஞாயிற்றுக்கிழமைகளில் வரத் தயாராக இருக்கிறோம். காசு எதுவும் வேண்டாம். பழைய வீடுகளில் பேட்டன் ஒயரிங் தெரிந்த பெரியவர்கள் இன்னும் ஒரு சிலர் இருக்கிறார்கள். அவர்களையும் கூட்டிவருகிறோம். அதற்கு இடம் கொடுக்க முன்வரும் நிறுவனங்கள் தங்கள் நாளிதழின் காரைக்குடி அலுவலகம் வழியாகத் தகவல் சொன்னால், கடைவேலை ஓயும் கார்த்திகை மாதத்திலேயே தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர் ஒருவர்,
கோட்டையூர், சிவகங்கை மாவட்டம்.